ரத்தக்கட்டும் கீரைக்கட்டும்

காலில் ரத்தக்கட்டு வந்தோ, இதய வால்வு மாற்றியோ, நாடி தாறுமாறாகத் துடிக்கிறது என்றோ பெங்களூரு மருத்துவமனை ஒன்றிலிருந்து வீடு திரும்புகிறவரிடம் ஒரு மருந்துச்சீட்டும் ஒற்றை வரி அறிவுரையும் இருக்கும்: ‘சொப்பு தின்னபேடி’. கன்னடத்தில் சொப்பு என்றால் கீரை. அன்றோடு அல்சூரிலும் ஸ்ரீராம்புரத்திலும் உள்ள தமிழ் வீடுகளில் தள்ளுவண்டிக் கீரைக்கு விடை கொடுத்துவிடுவார்கள். முருங்கைக்கீரைப் பொரியல் நின்றுவிடும், கொத்தமல்லித் துவையல் நின்றுவிடும். ரசத்தில் மிதக்கிற கறிவேப்பிலையைக்கூடப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைப்பார்கள். அதே வீட்டு மாத்திரை டப்பாவில், எலும்புத் தேய்மானத்துக்கு என்று வேறொரு டாக்டர் எழுதிய கால்சியம் மாத்திரை இருக்கும். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் ‘விட்டமின் கே2-7’ என்று அச்சிட்டிருப்பதை யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

அந்த ஒற்றை வரி பலருக்குப் பொருந்தவே பொருந்தாது. பொருந்துகிறவர்களும் அதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். கீரை மேல் விழும் பழியில் பெரும்பங்கு, டப்பாவிலும் பாட்டிலிலும் கேப்சூலிலும் வருகிற சமாச்சாரங்களுக்குப் போய்ச் சேர வேண்டியது.

முதலில் மாத்திரையின் பெயர்

‘பிளட் தின்னர்’ என்று எல்லோரும் ஒரே பெயரில் சொல்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது. இந்த மருந்துகள் எதுவும் ரத்தத்தில் தண்ணீர் கலப்பதில்லை. உறைவதற்கான வேலையை ஏதாவது ஓர் இடத்தில் தடுக்கின்றன. தடுக்கும் இடம் மருந்துக்கு மருந்து வேறு.

ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் ஆகியவை தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைக் குறைப்பவை. ஸ்டென்ட் வைத்தவர்கள் பெரும்பாலும் இதில்தான் இருப்பார்கள். கீரைக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை.

ரிவராக்ஸபான், அபிக்ஸபான், டாபிகாட்ரான் ஆகிய புதிய மருந்துகள் ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் உறைதல் காரணி ஒன்றை நேராகப் பிடித்து நிறுத்துகின்றன. முதல் இரண்டும் பத்தாம் காரணியை, மூன்றாவது த்ராம்பினை. இவற்றை எடுக்கிறவர்களும் கீரையைத் தாராளமாகச் சாப்பிடலாம். காப்புரிமை முடிந்து உள்நாட்டுத் தயாரிப்புகள் வந்தபின் விலை இறங்கியதால், காலில் ரத்தக்கட்டு வந்தவர்களுக்கு இன்று இவைதான் அதிகம் எழுதப்படுகின்றன. ஆனாலும் இவர்களிடமும் பழக்க தோஷத்தில் ‘கீரை வேண்டாம்’ என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள்.

கீரைப் பேச்சு பொருந்துவது வார்ஃபரினுக்கும் அசினோகூமராலுக்கும் மட்டும்தான். அசினோகூமரால் என்றால் பலருக்குத் தெரியாது. கடைப் பெயரான அசிட்ரோம் என்றால் தெரியும். உலோக வால்வு பொருத்தியவர்களுக்கு இன்றும் வேறு வழியில்லை. ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு குறுகி, நாடியும் ஒழுங்கு தவறியவர்களுக்குப் புதிய மருந்து போதுமா என்று சோதித்த இன்விக்டஸ் ஆய்வு 2022இல் வெளியானபோது, பழைய மருந்தே மேல் என்று தெரிந்தது. ருமாட்டிக் வால்வு நோய் இன்னும் நிறைய இருக்கும் நாடு நம்முடையது. ஆகவே அசிட்ரோம் சீட்டு இப்போதைக்கு ஒழியப்போவதில்லை.

கீரை எங்கே குறுக்கே வருகிறது

கல்லீரல் இரண்டு, ஏழு, ஒன்பது, பத்து எண்ணுள்ள உறைதல் காரணிகளைச் செய்து முடிக்க விட்டமின் கே வேண்டும். ஒரு முறை பயன்பட்ட விட்டமின் கே தீர்ந்துபோன பாட்டரி மாதிரி ஆகிவிடும். ஒரு நொதி அதை மறுபடி சார்ஜ் செய்து அனுப்பும். வார்ஃபரினும் அசிட்ரோமும் அந்த நொதியை மடக்குகின்றன. பாட்டரி தீர்ந்தபடியே கிடக்க, காரணிகள் அரைகுறையாக வெளிவருகின்றன. தட்டில் புதிதாக நிறைய விட்டமின் கே வந்தால், சார்ஜ் செய்ய ஆளில்லாவிட்டாலும் புதுச் சரக்கை வைத்தே வேலை நடந்துவிடும். மருந்தின் வேகம் தணியும்.

வட அமெரிக்காவில் 1920களில் மாடுகள் நிற்காமல் ரத்தம் கசிந்து செத்துக்கொண்டிருந்தன. பூசணம் பிடித்த இனிப்பு க்ளோவர் வைக்கோல்தான் காரணம். அதிலிருந்த பொருளைப் பிரித்தெடுத்தது விஸ்கான்சினில் கார்ல் பால் லிங்க் குழு. அதன் வழிவந்த வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாகச் சந்தைக்கு வந்து, 1954இல் மனிதருக்கான மருந்தானது. ‘எலி மருந்தையா கொடுக்கிறார்கள்’ என்று பதறி நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அளவுதான் வேறு, பொருள் ஒன்றே. அதனால்தான் இவ்வளவு ரத்தப் பரிசோதனை.

அந்தப் பரிசோதனை ஐஎன்ஆர்: ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண். இயல்பான ரத்தத்துக்கு 1 ஒட்டி இருக்கும். கால் ரத்தக்கட்டுக்கும் ஒழுங்கற்ற நாடிக்கும் 2 முதல் 3 வரை வைப்பார்கள். மைட்ரல் இடத்தில் உலோக வால்வு என்றால் 2.5 முதல் 3.5. இறங்கினால் கட்டும், ஏறினால் கசியும். இன்று மாற்றிய அளவு நாளைக் காலை ஐஎன்ஆரில் முழுதாகத் தெரியாது. ஏழாம் காரணி சுமார் ஆறு மணி நேரத்தில் பாதியாகக் குறையும். இரண்டாம் காரணிக்கு இரண்டரை, மூன்று நாள் ஆகும். ஞாயிறு சாப்பிட்ட கீரை புதன், வியாழன் வாக்கில்தான் எண்ணில் தெரியலாம். நேற்று என்ன சாப்பிட்டோம் என்று மட்டும் யோசிக்கிறவர்கள் காரணத்தைக் கோட்டை விடுவது இதனால்தான்.

வார்ஃபரின் உடம்பில் பாதியாக ஒன்றரை நாளுக்கு மேல் பிடிக்கும். அசிட்ரோம் பத்து மணி நேரம் ஒட்டியே பாதியாகிவிடும். ஒரு வேளை விட்டால் சீக்கிரம் எண்ணில் காட்டுவது இதுதான்.

ஒதுக்கினால் ஏன் கெடும்

கீரையே சாப்பிடாதவரின் கையிருப்பு மிகச் சிறியது. விட்டமின் கேவை உடம்பு மாதக்கணக்கில் சேர்த்து வைப்பதில்லை. சில நாள் கையிருப்புதான். கையிருப்பு அடிமட்டத்தில் இருக்கும்போது ஒரு கல்யாணச் சாப்பாட்டுக் கூட்டு, ஊருக்குப் போன இடத்தில் அக்கா வைத்த முருங்கைக்கீரை என்று எது வந்தாலும் எண் துள்ளும். குட்டையில் ஒரு குடம் ஊற்றினால் மட்டம் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். அல்சூர் ஏரியில் ஊற்றினால் யாருக்குத் தெரியப்போகிறது? காரணமே புரியாமல் ஐஎன்ஆர் ஏறி இறங்குகிற சிலருக்கு, தினம் 150 மைக்ரோகிராம் விட்டமின் கே கொடுத்துப் பார்த்தபோது எண் நிதானப்பட்டதாக ஆய்வே உண்டு. இதைக் கண்டு யாரும் சொந்தமாக விட்டமின் கே வாங்கக் கூடாது; அது டாக்டர் கையில் இருக்க வேண்டிய வைத்தியம், எல்லோருக்கும் எழுதுவதும் இல்லை. ஆனால் உணவைப் பற்றி அது சொல்வது தெளிவு: குறைவாக இருப்பது பாதுகாப்பல்ல, ஒரே மாதிரி இருப்பதுதான் பாதுகாப்பு.

வழி இது. வீட்டில் இயல்பாகக் கீரை எவ்வளவு என்று பாருங்கள். வாரம் மூன்று நாள், ஆளுக்கு அரைக் கிண்ணம் என்றால் அப்படியே தொடருங்கள். அதைச் சாப்பிட்டுக்கொண்டே ஐஎன்ஆர் பார்த்து, அதற்கு ஏற்றபடி மாத்திரை அளவை டாக்டர் வைக்கட்டும். சாப்பாட்டுக்கு மாத்திரை, மாத்திரைக்குச் சாப்பாடு அல்ல. ஏற்கெனவே கீரையை நிறுத்தியவர் திரும்பத் தொடங்க நினைத்தால், டாக்டரிடம் சொல்லிவிட்டு வாரம் இரண்டு மூன்று சிறு பங்கில் தொடங்கி, ஐந்து முதல் ஏழு நாளில் ஒரு ஐஎன்ஆர், அடுத்த வாரம் இன்னொன்று. தேவைப்பட்டால் வார மொத்த அளவில் ஐந்து முதல் இருபது சதவீதம்வரை கூட்டுவதுதான் வழக்கம். ஒரு மாத்திரையை இரண்டாக்குவதில்லை.

எதில் எவ்வளவு

ஒரு நாளைக்கு ஆணுக்கு 120 மைக்ரோகிராம், பெண்ணுக்கு 90 போதும் என்பது அமெரிக்க அளவுகோல். அங்குள்ள உணவு அட்டவணைகளின்படி பாலக்கில் 100 கிராமுக்கு 480 சுற்றி. கொத்தமல்லித் தழையில் 310 ஒட்டி. முளைக்கீரை வகையில் ஆயிரத்தையும் தாண்டும். முருங்கை, அகத்தி, வெந்தயக்கீரை எல்லாம் கரும்பச்சை இனம். சில நூறுகளில்தான் இருக்கும். அந்த வரிசையை விட்டு இறங்கினால் எண் சட்டென்று சரியும்: முட்டைக்கோஸ் 76, பீன்ஸ் 40 ஒட்டி, வெண்டை 30, காலிஃபிளவர் 15, கேரட் 13, தக்காளி 8. உருளைக்கிழங்கிலும் அரிசியிலும் பேருக்குத்தான். ஆக, காய்கறிக் கூடை முழுவதையும் பயந்து பார்க்க வேண்டியதில்லை. பச்சை எவ்வளவு கருமையோ அவ்வளவு விட்டமின் கே என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

சமையலில் மூன்று இடத்தில் ஏமாற்றம் உண்டு. பச்சையாக ஒரு கப் பாலக் 30 கிராம்தான். வெந்தபின் ஒரு கப் என்பது 180 கிராம். ‘கொஞ்சமாகத்தானே இருக்கிறது’ என்று தட்டில் தெரிவது ஒரு முழுக் கட்டாக இருக்கலாம். அடுத்தது, பெங்களூருக்காரர்களின் பஸ்ஸாரு மாதிரி கீரையை வேகவைத்து நீரை வடித்துவிட்டால் சத்து போய்விடும் என்ற கணக்கு. விட்டமின் கே எண்ணெயில் கரைவது, நீரில் அல்ல; சூட்டுக்கும் அசையாது. வடித்த நீர் ரசத்துக்குப் போனாலும் விட்டமின் கே கீரையில்தான் கிடக்கும். மூன்றாவது தாளிப்பு. கொழுப்போடு சேர்ந்தால் கூடுதலாக உறிஞ்சப்படும். வெறும் கீரையைவிடத் தேங்காயும் எண்ணெயும் சேர்ந்த பொரியல் அதிகம் தரும்.

எண்ணெயையும் பார்க்க வேண்டும். கடலை எண்ணெயிலும் தேங்காய் எண்ணெயிலும் விட்டமின் கே கிட்டத்தட்ட இல்லை, சூரியகாந்தியில் கொஞ்சம், நல்லெண்ணெயில் 100 கிராமுக்கு 13 ஒட்டி. சோயா எண்ணெயிலோ 180ஐத் தாண்டும். சலுகை விலை என்று மாதச் சாமானில் எண்ணெயை சோயாவுக்கு மாற்றினால், தினம் இரண்டு மேசைக்கரண்டி சாப்பிடுகிறவருக்கு 50 மைக்ரோகிராம் கூடுதலாக வந்துவிடும், ஒரு இலைகூடத் தின்னாமலே.

பெங்களூரு ஜூஸ் கடைகளின் பட்டர் ஃப்ரூட்டிலும் (அவகாடோ) விட்டமின் கே உண்டு, 100 கிராமுக்கு 20 சுற்றி. அதைத் தினம் சாப்பிட்டு வார்ஃபரின் வேகம் குறைந்ததாகப் பதிவுகள் உள்ளன. வாரம் ஒரு கிளாஸ் என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. கிரீன் டீக்கு வீணாகப் பயப்படுகிறார்கள்: இலையில் நிறைய இருந்தாலும் வடித்த நீரில் அநேகமாக ஒன்றும் இறங்குவதில்லை. இலையையே அரைத்துக் கலக்கும் மாட்சா வேறு கதை.

லால்பாக் பக்கம் காலை நடைக்குப் போகிறவர்களுக்குக் கோதுமைப்புல் சாறும் முருங்கை இலைப் பொடியும் தெரியாதவை அல்ல. இவை ‘உணவு’ என்ற பெயரில் வரும் மருந்தளவு. நூறு கிராம் முருங்கை இலை காய்ந்தால் இருபது, இருபத்தைந்து கிராம் பொடிதான் தேறும். இரண்டு ஸ்பூன் பொடி ஒரு பங்கு கீரைக்குச் சமமாகிவிடும். தினமும் ஒரே அளவு, டாக்டருக்குத் தெரிந்து என்றால் அதையும் கணக்கில் சேர்க்கலாம். பத்து நாள் ஆர்வமாகக் குடித்து, அப்புறம் விட்டுவிடுகிற வழக்கம்தான் ஐஎன்ஆரைப் படுத்துவது.

டப்பாவும் பாட்டிலும்

சமையலறையில் ஒரு பொருள் இருக்கும் அளவும் அதே பொருள் கேப்சூலில் இருக்கும் அளவும் ஒன்றல்ல. மஞ்சளை எடுத்துக்கொள்வோம். அரை டீஸ்பூன் மஞ்சள்தூள் ஒன்றரை கிராம் இருக்கும். மஞ்சளின் சத்தான குர்குமின் அதில் மூன்று சதவீதம் ஒட்டி, அதாவது 45 மில்லிகிராம். சாம்பாரை நாலு பேர் பங்கிட்டால் ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு. 500 மில்லிகிராம் கேப்சூலில் 95 சதவீதம் குர்குமினாய்டு என்று போட்டிருந்தால் 475. அது போதாதென்று, குடலில் நன்றாக ஏற வேண்டும் என்று மிளகுச் சத்தான பைப்பெரினையும் சேர்க்கிறார்கள். வார்ஃபரினில் நிதானமாக இருந்த ஒருவர் மஞ்சள் சேர்ந்த தயாரிப்பு ஒன்றைத் தொடங்கிச் சில வாரத்தில் ஐஎன்ஆர் 10ஐத் தாண்டியதை நியூசிலாந்தின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான மெட்சேஃப் 2018இல் எச்சரிக்கையாக வெளியிட்டது. பைப்பெரின், மருந்துகளை உடம்பிலிருந்து வெளியேற்றும் புரதங்களையும் நொதிகளையும் மந்தப்படுத்தக்கூடியது என்பதால், கீரைக் கவலை இல்லாத ரிவராக்ஸபான், அபிக்ஸபான்காரர்களுக்கும் இந்தக் கேப்சூல் நல்லதல்ல. சாம்பாரில் மஞ்சளும் ரசத்தில் மிளகும் அப்படியே இருக்கட்டும். பூண்டு, இஞ்சிக்கும் இதே நியாயம்: குழம்பில் சரி, அடர்த்தியான கேப்சூலில் வேண்டாம்.

முதல் பத்தியில் சொன்ன கே2-7க்கு வருவோம். மெனாகுவினோன்-7 அல்லது எம்கே-7 என்றும் அச்சிடுவார்கள். கால்சியம், டி3 கலவை மாத்திரைகளில் இப்போது இது சகஜம். 45, 50, 90 மைக்ரோகிராம் என்று பல அளவில் வருகிறது. கீரையில் உள்ள கே1 உடம்பில் சில மணி நேரம்தான் சுற்றும், கீரையிலிருந்து ஏறுவதும் சொற்பம். கே2-7 எண்ணெயில் கரைத்த மாத்திரையாக நன்றாக ஏறி, நாள்கணக்கில் ரத்தத்தில் நிற்கும். தினம் 10 மைக்ரோகிராம் எடுத்தாலே சிலருக்கு மருந்தின் வேகம் மட்டுப்பட்டதை ஆய்வில் கண்டிருக்கிறார்கள். வார்ஃபரின், அசிட்ரோம்காரருக்கு எலும்பு மாத்திரை வேண்டுமென்றால் கால்சியமும் டி3யும் மட்டும் உள்ளதாக வாங்க வேண்டும். ஏற்கெனவே மாதக்கணக்கில் சாப்பிட்டு வருகிறவர் இன்று படித்துவிட்டு நாளையே தூக்கிப்போடக் கூடாது. அந்த கே2வோடு சேர்த்துத்தான் அவருடைய அளவு வைக்கப்பட்டிருக்கிறது; திடீரென்று நிறுத்தினால் ஐஎன்ஆர் ஏறும். டாக்டரிடம் சொல்லி, அடுத்தடுத்து ஐஎன்ஆர் பார்த்துக்கொண்டு நிறுத்துவதே முறை. புரதப் பவுடர், முதியோர் ஊட்டப் பவுடர், மல்ட்டிவிட்டமின் எல்லாவற்றிலும் விட்டமின் கே வரியைத் தேடுங்கள். அங்கேயும் விதி அதுதான்: தொடங்குவதும் நிறுத்துவதும் சொல்லாமல் நடக்கக் கூடாது.

‘அண்ணா, முட்டி வலிக்கு நல்லதா ஒண்ணு குடுங்க’ என்று மெடிக்கலில் கேட்டால் கைக்கு வருவதில் மூன்று வகை அபாயம். டிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரைகள் வயிற்றுச் சுவரை அரித்து, தட்டணுக்களையும் தடுக்கும்; எந்த ரத்தக்கட்டு மருந்தோடும் சேரக் கூடாது. குளுக்கோஸமைன் சேர்ந்த மூட்டு மாத்திரையால் வார்ஃபரினோடு ஐஎன்ஆர் ஏறியதாகப் பல பதிவுகள் வந்திருக்கின்றன. மூன்றாவதை யாரும் எதிர்பார்ப்பதில்லை: தைலம். வலித் தைலங்கள் பலவற்றின் காரம் மெதில் சாலிசிலேட், ஆஸ்பிரினின் உறவு. தோல் வழியாக உள்ளே போகும். கட்டைவிரல் வலிக்கு ஒரு சொட்டு பாதகமில்லை. இடுப்பு முதல் கணுக்கால்வரை தினம் இரண்டு வேளை தேய்க்கிறவருக்கு ஐஎன்ஆர் ஏறும். தோலில் நீலம் பாரித்தால் முதலில் தைல பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள்.

விட்டமின் ஈ 400 கேப்சூல் தசைப்பிடிப்புக்கு என்று வருடக்கணக்கில் பலர் போடுகிறார்கள். அதிக அளவில் அது விட்டமின் கேவுக்கு எதிராக வேலை செய்யும். தேவையே இல்லாத அபாயம். கேப்சூலை உடைத்து முகத்தில் தடவினால் ஒன்றுமில்லை. மீன் எண்ணெய் தினம் ஒரு கிராம் கேப்சூல் ஒன்று பெரும்பாலும் பிரச்சினை செய்யாது, மூன்று நாலு என்றால் கேட்டுச் செய்யுங்கள். ஜின்கோ, ஜின்செங் என்ற மூலிகைக் கேப்சூல்கள் வேண்டாம். மனச்சோர்வுக்கு என்று இணையத்தில் விற்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் வார்ஃபரினையும் அசிட்ரோமையும் உடம்பிலிருந்து விரட்டிவிடும், ரிவராக்ஸபான் போன்ற புதியவற்றையும் சேர்த்து. நாட்டோகைனேஸ் என்ற கேப்சூல் ‘இயற்கையான பிளட் தின்னர்’ என்று விற்கிறது. மாத்திரையை நிறுத்தி அதற்கு மாறுவது சூதாட்டம். மாத்திரையோடு சேர்ப்பது இரட்டை மருந்து. மூலமான நாட்டோ என்ற ஜப்பானியப் புளித்த சோயாவோ கே2-7 களஞ்சியம். வார்ஃபரினை அப்படியே முடக்கிவிடும். ஒரே பொருளிலிருந்து வந்த இரண்டு, எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன.

இரும்பு, பி12, ஃபோலிக் அமிலம் இவற்றோடு சண்டை இல்லை.

விரதம், காய்ச்சல், விருந்து

மாதம் இருமுறை ஏகாதசிப் பட்டினி, மறுநாள் துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும். மல்லேஸ்வரத்து வைணவ வீடுகளில் இது இன்றும் நடக்கிறது. ஒரே அளவில் வந்துபோகிற வழக்கமாக இருந்தால் அசிட்ரோம்காரருக்கு இது பெரிய தொல்லையல்ல. புதிதாகத் தொடங்கும் நீண்ட விரதம்தான் கவனிக்க வேண்டியது. ஐயப்பனுக்கு மாலை போட்டு, அசைவத்திலிருந்து ஒரு மண்டலம் கீரை, காய் என்று மாறுகிறவருக்கு ஐஎன்ஆர் இறங்கும். மாலையைக் கழற்றியபின் ஏறும். மாலை போட்ட பத்தாம் நாள் வாக்கில் ஒரு பரிசோதனை, கழற்றி பத்து நாளில் இன்னொன்று.

ஏகாதசியில் உண்மையான சிக்கல் ரிவராக்ஸபான்காரருக்கு. 15, 20 மில்லிகிராம் மாத்திரைகளை வயிறார உணவோடு விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் 20 மில்லிகிராமில் மூன்றில் இரண்டு பங்குதான் உள்ளே ஏறும். காப்பியும் இரண்டு பிஸ்கட்டும் சாப்பாடு ஆகாது. அன்றைக்குப் பலகாரம் சாப்பிடும் வேளையில் எடுத்துக்கொள்ளலாமா என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரையை விடுவது விரதத்தில் சேர்த்தியில்லை. அபிக்ஸபானுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, சாப்பிட்டும் சாப்பிடாமலும் எடுக்கலாம். ஆனால் ஒரு நாளின் இரண்டு வேளையில் ஒன்றும் தவறக் கூடாது. டாபிகாட்ரான் கேப்சூலைப் பிரித்து மோரில் கரைப்பது ஆபத்து: உறை போனால் உறிஞ்சப்படும் அளவு முக்கால் பங்கு கூடிவிடும். ஈரம் பட்டாலும் கெடும் என்பதால் திங்கள், செவ்வாய் என்று கட்டம் போட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்கு அதை மாற்றவே கூடாது.

தேவனஹள்ளிச் சக்கோட்டா, நம் பம்ளிமாஸ், கிரேப்ஃப்ரூட்டின் நெருங்கிய உறவு. மருந்தைச் சிதைக்கும் குடல் நொதி ஒன்றை அந்த இனம் தடுக்கும். சீசனில் நாலு சுளை தின்பதற்குத் தடையில்லை. தினம் பெரிய டம்ளரில் சாறு வேண்டாம்.

மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தால் மூன்று விஷயம் ஒன்றாக நடக்கும். சாப்பாடு குறையும், விட்டமின் கே குறையும், ஐஎன்ஆர் ஏறும். ஆன்டிபயாட்டிக் வரும்; மெட்ரோனிடஸோல், கோட்ரிமாக்ஸசோல், பூஞ்சைக்கான ஃப்ளூகோனசோல் ஆகியவை வார்ஃபரினைச் சிதைக்கும் வேலையைத் தடுத்து ஐஎன்ஆரை வேகமாக ஏற்றும். வாய்ப்புண்ணுக்குத் தடவும் மைகோனசோல் ஜெல்கூட அப்படித்தான். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால்தான் சரி, ஆனால் ஒரு நாளைக்கு இரண்டு கிராமுக்கு மேல் மூன்று நாள் தாண்டினால் அதுவும் ஏற்றும். ஆகவே காய்ச்சலோ பேதியோ இரண்டு நாள் நீடித்தாலே ஐஎன்ஆர் பாருங்கள். டெங்குவாக இருந்தால் தட்டணுவும் விழும், மருந்தும் ஓடும். இதை முதல் நாளே டாக்டர் கண்டால்தான் எதை நிறுத்துவது என்று முடிவெடுக்க முடியும். பப்பாளி இலைச் சாறும் நிலவேம்புக் குடிநீரும் குடித்து வீட்டில் காத்திருப்பதற்கான நோயாளி இவர் அல்லர். நிலவேம்பின் சத்து ஆய்வகச் சோதனைகளில் தட்டணு ஒட்டுவதையே குறைத்திருக்கிறது. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் எதிர்த்திசை: வார்ஃபரினையும் புதியவற்றையும் செல்லாக்காசாக்கிவிடும்.

மதுவுக்கும் இரட்டை முகம். ஒரே ராத்திரி குவார்ட்டர் இரண்டு என்றால் ஐஎன்ஆர் ஏறும்; தினம் குடிக்கிறவருக்குக் கல்லீரல் நொதிகள் வேகமெடுத்து இறங்கும்; கல்லீரல் கெட்டபின் மறுபடி ஏறும். விழுந்து தலையில் அடிபடுவது தனிக் கணக்கு.

எண் தவறினால்

அசிட்ரோமை மாலை ஆறு, ஏழு மணிக்கு வைப்பதற்குக் காரணம் உண்டு: காலையில் ரத்தம் கொடுத்து மதியம் எண் வந்தால், அன்றைய மாத்திரையையே மாற்றலாம். எப்போதும் ஒரே லேபில் பார்ப்பது நல்லது. தினசரி காலண்டர் தாளிலோ சின்ன நோட்டிலோ நாள், மாத்திரை அளவு, ஐஎன்ஆர், புதிதாகச் சேர்ந்த மருந்து என்று நாலு கட்டம் போதும். மூன்று மாதக் குறிப்பு இருந்தால் எண் ஏன் துள்ளியது என்று டாக்டர் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். ஒரு வேளை மறந்தால், அன்றிரவுக்குள் நினைவு வந்தால் எடுக்கலாம். மறுநாள் நினைவு வந்தால் விட்டுவிட வேண்டும், இரண்டாகப் போடக் கூடாது.

ஐஎன்ஆர் 5 வந்துவிட்டது என்று பயந்து இரண்டு கட்டுக் கீரையை ஆக்கித் தின்று இறக்கப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அது எப்போது, எவ்வளவு இறக்கும் என்று யாராலும் கணிக்க முடியாது. இறங்கிக் கட்டினால் வால்வு அடைத்துக்கொள்ளும். போன் செய்து, எத்தனை வேளை நிறுத்துவது என்று கேட்பதே வேலை.

தார் மாதிரி கறுத்த மலம், சிவந்த சிறுநீர், பத்து நிமிடம் அழுத்தியும் நிற்காத மூக்கு ரத்தம், புதிதாகத் தாங்க முடியாத தலைவலி, ரத்தம் வராவிட்டாலும் தலையில் பட்ட அடி: இவற்றுக்கு லேபுக்குப் போகாமல் நேரே எமர்ஜென்சிக்குப் போக வேண்டும். அங்கே முதலில் கேட்பது மாத்திரையின் பெயரும் கடைசியாக விழுங்கிய மணியும்தான். வார்ஃபரினுக்கும் அசிட்ரோமுக்கும் முறிவு விட்டமின் கே ஊசியும் உறைதல் காரணிகளும். டாபிகாட்ரானுக்குத் தனி முறிமருந்து. ரிவராக்ஸபான், அபிக்ஸபானுக்கு விட்டமின் கே ஊசி ஒன்றும் செய்யாது. அந்த நேரத்தில் ‘ஏதோ பிளட் தின்னர்’ என்று சொன்னால் டாக்டருக்குப் பயனில்லை. மாத்திரையின் முழுப் பெயரையும் அளவையும் ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில், ஆதார் அட்டைக்குப் பின்னால் வைத்துவிடுங்கள். டாக்டர் மருந்தை மாற்றினால் அன்றே அந்தச் சீட்டையும் மாற்றுங்கள்.